தேங்காய்த் தண்ணீரில் வினாகிரி
வீட்டுக் கைத்தொழிற் பாடம்

கறிக்குத் தேங்காய் உடைக்கும்போது வடியும் தண்ணீரை நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் ஆளுக்கொரு மிடறு குடிப்பார்கள். இல்லையேல் அது முற்றத்தில் ஊற்றப்படும். பொதுச் சமையல் நடக்கும் இடங்களிலும், கொப்பரா காயவைக்கும் இடங்களிலும், கல்யாண வீடுகளிலும் வாளிக் கணக்கில் இத்தண்ணீர் வீணாகிறது. அதே வாரத்தில் அச்சாறு போடவோ இறைச்சி ஊறவைக்கவோ கடைக்குப் போய்க் காசு கொடுத்து வினாகிரிப் போத்தல் வாங்கி வருகிறோம்.

காணியையும் மரத்தையும் விட்டு வந்த குடும்பத்திற்கு இந்தக் கணக்கு முக்கியமானது. புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்க 6 முதல் 8 ஆண்டுகள் செல்லும். வினாகிரி செய்வதற்குக் காணி வேண்டியதில்லை, மரம் வேண்டியதில்லை. பிறர் ஊற்றிவிடும் தண்ணீரும், கொஞ்சம் சீனியும், சுத்தமான இரண்டு பாத்திரங்களும், ஆறு வாரப் பொறுமையும் போதும்.

இப்பாடத்தைப் படித்து முடித்ததும் பின்வருவனவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள்:

1. இனிப்பு எவ்வாறு புளிப்பாக மாறுகிறது.
2. 5 லீற்றர் தேங்காய்த் தண்ணீரில் வினாகிரி செய்யும் முறை.
3. செய்த வினாகிரி போதிய புளிப்புடையதா என்று வீட்டிலேயே சோதிக்கும் முறை.
4. எவற்றைச் செய்யக் கூடாது, ஏன் செய்யக் கூடாது.

கள்ளுமுட்டி சொல்லும் பாடம்

பனையும் தென்னையும் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் காலையில் இறங்குவது இனிப்பான கருப்பநீர். சுண்ணாம்பு பூசாமல் கட்டினால் இறங்குவது கள்ளு. அந்தக் கள்ளை ஓரிரு நாள் திறந்து வைத்தால் புளிக்கத் தொடங்கும். சில வாரங்கள் விட்டால் வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும். பாளையில் ஊறியது ஒரே சாறு. அதனை மாற்றியவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். சுண்ணாம்பு அவ்வுயிர்களைத் தடுத்து வைத்தது, அவ்வளவே.

இவ்வுயிர்கள் இரண்டு வகையின.

முதலாவது ஈஸ்ட். பாடசாலைப் புத்தகங்களில் இதனை மதுவம் என்பர். பாணைப் பொங்கச் செய்வதும் இதுவே. இது சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் உண்டாக்கும். இவ்வேலைக்கு வெளிக்காற்று தேவையில்லை. வாயு வெளியேறுவதற்கு மட்டும் வழி வேண்டும்.

இரண்டாவது அசற்றிக்கமில பற்றீரியா. இது ஈஸ்ட் உண்டாக்கிய அற்ககோலை எடுத்து அசற்றிக்கமிலமாக மாற்றும். வினாகிரியின் புளிப்பு இந்த அமிலமே. இந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் கட்டாயம் தேவை. காற்றில்லாவிட்டால் அது வேலை செய்யாது.

ஆகவே வினாகிரி செய்வது இரண்டு படிகள் கொண்ட வேலை. முதற் படிக்குக் காற்று வேண்டாம். இரண்டாம் படிக்குக் காற்று வேண்டும். இவ்வொரு வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். வீட்டில் வினாகிரி செய்து தோற்பவர்களிற் பலர் இரண்டு படிகளையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகச் செய்ய முயல்பவர்களே. தொடக்கத்திலேயே திறந்து வைத்தால் சீனி முழுவதும் அற்ககோலாவதற்கு முன்னரே புளிப்பு ஏறி ஈஸ்டின் வேலையைக் கெடுக்கும். முடிவு வரை மூடி வைத்தால் புளிப்பே வராது.

உலகெங்கும் இதே முறைதான். இங்கிலாந்தில் அப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து 'சைடர்' என்னும் மதுவாக்கி, அதிலிருந்து சைடர் வினாகிரி எடுக்கிறார்கள். பிரான்சில் திராட்சை மதுவிலிருந்து எடுத்தார்கள். 'வினாகிரி' என்ற சொல்லும் புளித்த திராட்சை மது என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியே வந்தது. அந்நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1868இல் வினாகிரி பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மதுவின் மேல் படரும் மெல்லிய ஏட்டிலுள்ள நுண்ணுயிரே காற்றிலிருந்து ஒட்சிசனைப் பெற்று அற்ககோலை அமிலமாக்குகிறது என்பதை அவரது ஆய்வு காட்டியது. நமது பானையில் படரும் ஏடும் அதுவே.

தொடங்குமுன் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள்

முதற் படியின் முடிவில் பாத்திரத்தில் இருப்பது அற்ககோல் கலந்த நீர். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வதும் விற்பதும் குற்றமாகும். கள்ளு இறக்குவதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் உங்கள் பகுதி மதுவரி அலுவலகத்தில் நோக்கத்தைக் கூறி, வேண்டிய அனுமதியைப் பற்றிக் கேட்டறியுங்கள். தனியொருவர் போவதிலும் மாதர் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ சேர்ந்து போவது நல்லது.

சட்டத்திற்கு அப்பாலும் ஒரு விடயம் உண்டு. நெருக்கமான குடிசைகளில் பல குடும்பங்கள் வாழும் இடத்தில் குடியினால் வரும் துன்பத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவழியில் உள்ள இந்நீர் குடிப்பதற்கல்ல. முதற் படி முடிந்த அன்றே தாய் வினாகிரியைக் கலந்துவிடுங்கள். கலந்த பின் அதனைக் குடிக்க ஒருவரும் விரும்பமாட்டார். இந்நீரை எக்காரணம் கொண்டும் காய்ச்சி வடிக்கக் கூடாது.

தேவையான பொருட்கள்

முற்றிய தேங்காயின் தண்ணீர் – 5 லீற்றர்
சீனி – 600 கிராம்
பாண் செய்யும் உலர் ஈஸ்ட் – 1 தேக்கரண்டி
தாய் வினாகிரி – 1¼ லீற்றர்

ஒரு முற்றிய தேங்காயில் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலீற்றர் தண்ணீர் இருக்கும். ஆகவே 5 லீற்றருக்கு 35 முதல் 50 தேங்காய்கள் உடைபட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு நாளில் இவ்வளவு கிடையாது. பத்து வீடுகள் சேர்ந்தாலோ, பொதுச் சமையலறையுடன் பேசிக்கொண்டாலோ கிடைக்கும். சிறிதாகத் தொடங்க விரும்பினால் 1 லீற்றர் தண்ணீர், 120 கிராம் சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட், 250 மில்லிலீற்றர் தாய் வினாகிரி என்ற அளவிற் செய்யலாம்.

சீனி எதற்கு என்று கேட்பீர்கள். முற்றிய தேங்காயின் தண்ணீரில் இயற்கையாக உள்ள சீனி மிகக் குறைவு. அதைமட்டும் நம்பினால் அற்ககோல் குறையும். அற்ககோல் குறைந்தால் புளிப்பும் குறையும். நல்ல வினாகிரியில் நூற்றுக்கு 4 பங்காவது அசற்றிக்கமிலம் இருத்தல் வேண்டும். அந்த அளவை எட்டவே சீனி சேர்க்கிறோம். சீனிக்குப் பதிலாக ஒரு பங்கு பனங்கட்டியும் சேர்க்கலாம். நிறம் மட்டும் கருமையாகும்.

பாத்திரங்கள்

முதற் படிக்கு ஒடுங்கிய வாயுள்ள கண்ணாடிச் சாடி, அல்லது உணவுக்கென்றே விற்கப்பட்ட பிளாஸ்ரிக் கான். இரண்டாம் படிக்கு அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சாடி, அல்லது மெருகு பூசாத புதிய மண்பானை. கொதிக்க வைக்க எவர்சில்வர் அல்லது மண் சட்டி.

மூன்று எச்சரிக்கைகள்:

• அலுமினியம், செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்களில் வினாகிரியை வைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தை அரித்து உணவில் சேர்க்கும்.
• பளபளப்பான மெருகு பூசிய அலங்காரச் சாடிகளைத் தவிர்க்கவும். சில மெருகுகளில் ஈயம் உண்டு.
• கிருமிநாசினி, களைநாசினி, மண்ணெண்ணெய் இருந்த கான்களை எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்க வேண்டாம். பிளாஸ்ரிக்கில் ஊறிய நஞ்சு கழுவினால் போவதில்லை. அமிலம் அதனை வெளியே இழுக்கும்.

முதலில் தாய் வினாகிரியைத் தேடிக்கொள்ளுங்கள்

தயிருக்கு உறை மோர் எப்படியோ, வினாகிரிக்குத் தாய் வினாகிரி அப்படி. உயிருள்ள பற்றீரியா அதில் இருக்க வேண்டும். கடையில் போத்தலில் வரும் வினாகிரி இதற்கு உதவாது. அது சூடாக்கப்பட்டதாக அல்லது அமிலத்தில் தண்ணீர் கலந்து செய்த செயற்கை வினாகிரியாக இருக்கும். இரண்டிலும் உயிர் இல்லை.

ஏற்கெனவே வீட்டில் இயற்கை வினாகிரி செய்பவர் இருந்தால், சூடாக்காத வினாகிரியைக் கேட்டு வாங்கலாம். இல்லையேல் அனுமதி பெற்ற இடத்தில் இரண்டு போத்தல் புதுக் கள்ளு வாங்கி, துணியால் வடித்து, அகன்ற வாய்ச் சாடியில் அரைவாசிக்கு ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்கவும். ஆலையில் அடைத்து மூடிய போத்தற் கள்ளு வேண்டாம். அது பழுதாகாமல் இருப்பதற்காகப் பதப்படுத்தப்பட்டிருக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் கள்ளின் மணம் போய் வினாகிரி மணம் வரும். இதுவே உங்கள் தாய். இவ்வேலையை ஒரு முறை மட்டும் செய்தால் போதும். பிறகு ஒவ்வொரு முறையும் செய்த வினாகிரியிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முதற் படி: சீனியிலிருந்து அற்ககோல்

1. அன்று உடைத்த தேங்காயின் தண்ணீரையே எடுக்கவும். சில மணி நேரத்தில் அது கெடத் தொடங்கும். புளித்த அல்லது அழுகிய தேங்காயின் தண்ணீர் ஒன்று கலந்தாலும் முழுவதும் கெடும். ஆகவே ஒவ்வொரு காயையும் ஒரு கோப்பையில் உடைத்து, மணந்து பார்த்து, பின் பாத்திரத்தில் ஊற்றவும்.

2. சுத்தமான துணியால் வடித்து, சீனியைக் கரைத்து, அடுப்பில் வைத்து 10 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடவும். மேலே வரும் நுரையை அகற்றவும். வேண்டாத கிருமிகள் இதனால் அழியும்.

3. மூடி ஆறவிடவும். கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வந்ததும் அடுத்த வேலை. சூடாக இருக்கும்போது ஈஸ்டைச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

4. அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு சிட்டிகை சீனியும் ஈஸ்டும் போட்டு 10 நிமிடம் வைக்கவும். நுரைத்து எழுந்தால் ஈஸ்ட் நல்லது. நுரைக்காவிட்டால் பழையது, வேறு வாங்கவும்.

5. கொதிநீரால் கழுவிய சாடியில் நான்கில் மூன்று பங்குக்கு நீரை ஊற்றி, நுரைத்த ஈஸ்டைச் சேர்த்துக் கலக்கவும்.

6. சாடியின் வாயை ஒரு தக்கையால் மூடி, தக்கையின் துளைவழியே மெல்லிய பிளாஸ்ரிக் குழாயைச் செருகி, மறு முனையை ஒரு போத்தல் தண்ணீருக்குள் விடவும். வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்றும் பூச்சியும் உள்ளே வரா. குழாய் இல்லாவிட்டால் பொலித்தீன் துண்டை வாயில் விரித்து இறப்பர் வளையத்தால் தளர்வாகக் கட்டலாம். இறுக்கி மூட வேண்டாம். வாயு சேர்ந்து சாடி வெடிக்கும்.

7. வெயில் படாத இடத்தில் 5 முதல் 7 நாட்கள் வைக்கவும். முதல் இரண்டு நாள் குமிழிகள் விரைவாக வரும். பின் குறைந்து நின்றுவிடும். அடியில் வெண்ணிற மண்டி படியும். நீர் இனிப்பிழந்திருக்கும்.

இரண்டாம் படி: அற்ககோலிலிருந்து வினாகிரி

1. மண்டியைக் கலக்காமல் தெளிந்த நீரைக் குழாய் மூலம் வேறு பாத்திரத்திற்கு இழுக்கவும். மண்டி அப்படியே இருந்தால் வினாகிரியில் கசப்பும் வாடையும் சேரும்.

2. நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு தாய் வினாகிரியைச் சேர்த்துக் கலக்கவும். தாயின் அளவைக் குறைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே இருக்கும் புளிப்புத்தான் பூஞ்சணத்தைத் தடுக்கிறது.

3. அகன்ற வாய்ப் பாத்திரத்தில் அரைவாசிக்கு மட்டும் ஊற்றவும். ஆழம் குறைந்து அகலம் கூடினால் காற்று நன்றாகப் படும், விரைவில் புளிக்கும்.

4. வாயை இரட்டை மடிப்பு மெல்லிய துணியால் மூடிக் கட்டவும். பழங்களில் மொய்க்கும் சிறு ஈக்கள் வினாகிரி மணத்திற்கு எங்கிருந்தாவது வரும். ஒரு சிறு இடைவெளியும் இருக்கக் கூடாது.

5. நிழலான, காற்றோட்டமுள்ள, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் அசையாமல் வைக்கவும். அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும் கலக்குவதும் ஏட்டை மூழ்கடிக்கும். மூழ்கிய ஏட்டுக்குக் காற்றில்லை. புதிய ஏடு படரும் வரை வேலை நிற்கும்.

6. ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மேலே மெல்லிய ஏடு தோன்றும். நான்கு முதல் ஆறு வாரத்தில் புளிப்பு நிறையும். இடையில் நகப்பூச்சு அகற்றும் திரவம் போன்ற கூரிய மணம் வரலாம். பயப்பட வேண்டாம், நாள் செல்லச் செல்ல அது அடங்கும்.

ஏட்டைப் பார்த்து அறிதல்

வழுவழுப்பாக, வெண்மையாக அல்லது ஊடுதெரியும் பசை போல இருந்தால் அது நல்ல ஏடு.

வெண்மையாக, உலர்ந்து, சுருக்கம் விழுந்து இருந்தால் அது வேறொரு காட்டு ஈஸ்ட். அதனைக் கரண்டியால் எடுத்துவிட்டு மேலும் தாய் வினாகிரி சேர்க்கவும். அடுத்த முறை தாயைக் கூட்டவும்.

பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் பஞ்சு போல முளைத்திருந்தால் அது பூஞ்சணம். மேலே உள்ளதை மட்டும் அகற்றிவிட்டுப் பாவிக்கலாம் என எண்ண வேண்டாம். முழுவதையும் ஊற்றிவிடவும். சீனிக்குச் செலவழித்த காசைவிடப் பிள்ளைகளின் வயிறு பெறுமதியானது.

புளிப்பு போதுமா? மஞ்சளும் சுண்ணாம்பும் சொல்லும்

நாக்கை நம்ப முடியாது. ஆலாத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அமிலம் இருக்கும் வரை மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அமிலம் தீர்ந்து சுண்ணாம்பு மிஞ்சியதும் சிவக்கும். இதைக்கொண்டே புளிப்பை அளக்கலாம்.

வெற்றிலைக்குப் பாவிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு போத்தல் நீரிற் கலக்கி, மூடி, ஓர் இரவு வைக்கவும். மறுநாள் மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்து எடுக்கவும். கண்ணில் படாமற் கவனமாக இருக்கவும்.

ஒரு வெள்ளைக் கோப்பையில் ஒரு தேக்கரண்டி வினாகிரியும் ஒரு சிறு சிட்டிகை மஞ்சள் தூளும் இடவும். சுண்ணாம்புத் தெளிநீரை அதே கரண்டியால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கலக்கி எண்ணிக்கொண்டு வரவும். சிவந்து, அந்நிறம் மாறாமல் நின்றதும் நிறுத்தவும். முதலில் 4 வீதம் எனச் சுட்டுத்துண்டில் எழுதப்பட்ட கடை வினாகிரிக்கு இதைச் செய்யவும். ஏறத்தாழ 16 கரண்டி செல்லும். பின் உங்கள் வினாகிரிக்குச் செய்யவும். கடை வினாகிரிக்குச் சென்ற அளவோ அதற்கு மேலோ சென்றால் உங்கள் வினாகிரி தகுதியானது. இரண்டு சோதனைக்கும் ஒரே தெளிநீரைப் பாவிக்க வேண்டும்.

குறைவாக இருந்து அற்ககோல் மணமும் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள். அற்ககோல் மணமே இல்லாமற் குறைவாக இருந்தால் அது அவ்வளவுதான். அன்றாடச் சமையலுக்குப் பாவிக்கலாம், ஆனால் அச்சாறு போட்டு வைக்க உதவாது. புளிப்புக் குறைந்த அச்சாற்றில் நோய்க்கிருமிகள் வளரும்.

முடித்து அடைத்தல்

புளிப்பு நிறைந்ததும் மேலும் திறந்து வைக்கக் கூடாது. அற்ககோல் தீர்ந்த பின் அதே பற்றீரியா தான் செய்த அமிலத்தையே தின்னத் தொடங்கும். வினாகிரி நாளுக்கு நாள் வலுவிழக்கும். விளைந்த நெல்லை வெட்டாமல் வயலில் விடுவது போன்றது இது.

முதலில் அடுத்த முறைக்கு வேண்டிய தாயை, அதாவது 1¼ லீற்றரை, எடுத்துத் தனியே வைக்கவும். இதனைச் சூடாக்கக் கூடாது. மீதியைத் துணியால் வடித்துப் போத்தல்களில் கழுத்து வரை நிரப்பவும். ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, போத்தல்களை மூடாமல் நிறுத்தி, கழுத்தளவு தண்ணீர் ஊற்றிச் சூடாக்கவும். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து, பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் தோன்றும்போது தீயைக் குறைத்து, கொதிக்க விடாமல் 20 நிமிடம் வைக்கவும். வெப்பமானி இருந்தால் 65 பாகை செல்சியஸ் போதும். பின் இறுக மூடவும். உலோக மூடி வேண்டாம். தக்கை அல்லது பிளாஸ்ரிக் மூடி நல்லது. மேலே கூறிய அளவில் ஏறத்தாழ 6 போத்தல் கிடைக்கும்.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

*கள்ளிலிருந்து நேரடியாகச் செய்யலாமா?*
செய்யலாம். கள்ளில் முதற் படி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அனுமதி உள்ளவர்கள் கள்ளை வடித்து, தாய் வினாகிரி கலந்து, இரண்டாம் படியிலிருந்து தொடங்கலாம். விற்காமல் மிஞ்சும் கள்ளுக்கு இது நல்ல வழி.

*கசிப்பைப் போல இதில் நஞ்சு உண்டாகுமா?*
தேங்காய்த் தண்ணீரையும் சீனியையும் நொதிக்க வைப்பதால் மட்டும் ஆபத்தான அளவில் மெதனோல் உண்டாவதில்லை. சாராய மரணங்கள் பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோல் கலப்பதனாலேயே நேர்கின்றன. நீங்கள் வேறெந்த மதுசாரத்தையும் இதிற் சேர்க்காதவரை அந்தப் பயம் வேண்டாம்.

*இறப்பர்ப் பால் உறையவைக்கும் அமிலத்தில் தண்ணீர் கலந்தால் வினாகிரிதானே?*
இல்லை. அவ்வேலைக்கு விற்கப்படும் அமிலம் போமிக்கமிலமாகவும் இருக்கலாம், அசற்றிக்கமிலமாகவும் இருக்கலாம். அது உணவுக்குரிய தூய்மையுடன் தயாரிக்கப்பட்டதல்ல. கலக்காத அமிலம் தோலையும் தொண்டையையும் எரிக்கும். உணவில் சேர்க்கவே கூடாது.

*மறுபடியும் இடம் மாற நேர்ந்தால்?*
பானையை விட்டுவிட்டுப் போகலாம். ஒரு சிறு போத்தலில் தாய் வினாகிரியை எடுத்து, மூடியைச் சற்றுத் தளர்த்தி, நிமிர்ந்த நிலையில் கொண்டு செல்லுங்கள். வாரக் கணக்கில் அது உயிரோடு இருக்கும். இதைவிட நல்ல காப்பு, தாயை முன்னரே அயலவருடன் பங்கிட்டு வைப்பது. ஒரு வீட்டில் அழிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும்.

என்ன பயன்?

வெங்காயமும் மிளகாயும் செய்தவர்களுக்குச் சந்தையின் குணம் தெரியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளையும், விலை விழும். பச்சை மிளகாயை நாலு நாள் வைத்திருக்க முடியாது. கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் வினாகிரி இருந்தால் அந்த நாலு நாள் பல மாதங்களாகும்.

எளிய அச்சாறு ஒன்று: உரித்த சின்ன வெங்காயம் 500 கிராம், கீறிய பச்சை மிளகாய் 250 கிராம். வினாகிரி 3 கோப்பையில் உப்பு 2 மேசைக்கரண்டி, அரைத்த கடுகு 1 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கொதிக்க வைக்கவும். வெங்காயத்தையும் மிளகாயையும் கொதிநீரிற் கழுவி உலர்த்திய சாடியில் இட்டு, சூடான வினாகிரியை மேலே மூழ்கும்படி ஊற்றவும். ஒரு துண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வினாகிரியில் தண்ணீர் கலக்க வேண்டாம். இரு வாரத்தின் பின் சாப்பிடலாம்.

விற்க எண்ணுபவர்கள் முதலில் கணக்குப் போடுங்கள். சீனி, ஈஸ்ட், விறகு, போத்தல், மூடி, சுட்டுத்துண்டு ஆகியவற்றின் இன்றைய விலையை எழுதிக் கூட்டி, கிடைத்த போத்தல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உங்கள் உழைப்பையும் ஒரு செலவாக எழுதுங்கள். கடை விலையைவிட உங்கள் செலவு குறைவாக இருந்தால் மட்டும் விற்பனையை யோசியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெற்று, பொருளின் பெயர், அளவு, செய்த திகதி, செய்தவர் முகவரி என்பவற்றைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். இயற்கை வினாகிரி என்று எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஒரு போத்தலில் செய்யும் கலப்படம் பத்துப் பெண்களின் உழைப்பைக் கெடுத்துவிடும்.

கணக்கு இலாபம் காட்டாவிட்டாலும் வேலை வீண் அல்ல. வீட்டுத் தேவைக்கு ஆறு போத்தல் வந்துவிட்டது, மிளகாய் அழுகவில்லை, ஊற்றிப்போன தண்ணீர் உணவாயிற்று. அடுத்த முறைக்கு வேண்டிய தாயும் அலுமாரியில் இருக்கிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் ஒரு நாளில் எத்தனை தேங்காய்கள் உடைபடுகின்றன? அவற்றின் தண்ணீரைக் காலையில் சேர்க்க யார் பொறுப்பெடுக்கலாம்?
2. முதற் படியையும் இரண்டாம் படியையும் ஒரே பாத்திரத்திற் செய்தால் என்ன நேரும்? காரணத்தை உங்கள் சொற்களிற் கூறுங்கள்.
3. முதற் படி நீரைப் பிள்ளைகளிடமிருந்தும் குடிப்பவர்களிடமிருந்தும் காப்பது எப்படி?
4. நம் பகுதியில் வினாகிரியில் போட்டுப் பாதுகாக்கக்கூடிய விளைபொருட்கள் எவை? அவை எந்த மாதத்தில் மலிவாகக் கிடைக்கின்றன?
5. தாய் வினாகிரியை எந்த மூன்று வீடுகளில் வைத்திருப்பது நல்லது?